விளக்கும் அடுப்பும் அணையாதிருக்க

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா என்றால் சிலம்பைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுவது மரபு. எனக்கு முன் பேசிய புலவர் பெருமக்கள் அம்மரபைச் செவ்வனே நிறைவேற்றிவிட்டார்கள். செயற்குழுவினர் எனக்கென ஒதுக்கிய நேரத்தை, நம் வீடுகளில் நாள்தோறும் எரியும் இரண்டு பொருள்களைப் பற்றிப் பேசப் பயன்படுத்திக்கொள்ள விரும்புகிறேன். ஒன்று விளக்கு, மற்றொன்று அடுப்பு. மாலையில் விளக்கெரியவில்லை என்றால் பிள்ளைகளின் படிப்பு நிற்கிறது. காலையில் அடுப்பெரியவில்லை என்றால் குடும்பமே நிற்கிறது. இவ்விரண்டையும் எரியவைக்கும் நிறுவனங்களை யார் கட்டுப்படுத்துகிறார்கள், எவ்வாறு கட்டுப்படுத்துகிறார்கள், அதில் நமக்கு என்ன பங்கு உண்டு என்பதே என் பேச்சின் பொருள்.

இப்பொருள் புத்தூரில் வாழும் நமக்குச் சிறப்பாக உரியது. நம்முள் பிழைப்பு நாடி இங்கு வந்தவர்கள் உண்டு. இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு இடம் மாறியதால் வேறு மாநிலத்தாராக ஆனவர்களும் உண்டு. 1953 அக்டோபர் முதல் நாளன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுள் சென்றது. 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. புத்தூர் இங்கேயே நின்றது. 2022இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது நம் ஊர் புதிய திருப்பதி மாவட்டத்துள் வந்தது. இந்த மாற்றங்களில் எதிலும் நம் வீட்டு வாசலில் நிற்கும் மின்கம்பம் ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால் அக்கம்பத்திற்கு உரியவர் யார் என்பது மட்டும் மாறிக்கொண்டே வந்தது. திருத்தணியில் இருக்கும் நம் உறவினர் வீட்டிற்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மின்கணக்கு எடுக்கிறார்கள். நம் வீட்டிற்கு மாதந்தோறும் எடுக்கிறார்கள். அவர்களுடைய கட்டணம் வேறு, நம்முடைய கட்டணம் வேறு. இவற்றுள் எதனையும் அவர்களோ நாமோ தேர்ந்தெடுக்கவில்லை.

தேர்ந்தெடுக்கவில்லை என்னும் இச்சொல்லை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். துணிக்கடையில் விலை பொருந்தாவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறோம். மளிகைக்காரர் எடையில் குறைத்தால் மறுமாதம் வேறு கடையில் கணக்கு வைத்துக்கொள்கிறோம். மின்சாரத்தில் அது நடவாது. ஒரே தெருவில் நான்கு கம்பெனிகள் நான்கு வரிசைக் கம்பங்களை நட்டால் அத்தனைக்கும் செலவு நம் தலையில்தான் விழும். ஆதலின் ஒரு வட்டாரத்திற்கு ஒரே கம்பி என்பது உலகெங்கும் பெரும்பாலும் கண்ட வழக்கம். கம்பி ஒன்றாக இருக்கும்போது அதனை வைத்திருப்பவர் கையில் நம் வீடு இருக்கிறது. அவரைச் சட்டத்தால் கட்டாவிட்டால், அவர் வைத்ததே விலை, அவர் சொன்னதே நேரம் என்று ஆகிவிடும்.

நம் வட்டாரத்தில் அந்த இடத்தில் இருப்பது ஆந்திரப் பிரதேசத் தென்மண்டல மின்விநியோக நிறுவனம். அதன் தலைமை அலுவலகம் அருகிலேயே திருப்பதியில் இருக்கிறது. அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959இல் ஆந்திரப் பிரதேச மாநில மின்சார வாரியம் அமைந்தது. மின்சாரத்தை உண்டாக்குவது, கொண்டுசெல்வது, வீடுகளுக்குப் பங்கிடுவது ஆகிய மூன்று வேலைகளையும் நாற்பது ஆண்டுகள் அவ்வாரியமே செய்தது. விலையையும் அதுவும் அரசும் சேர்ந்தே முடிவு செய்தன. 1998ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டத்தின் வழியே வாரியம் பிரிக்கப்பட்டது. விலையை முடிவு செய்யத் தனியாக ஒரு மின்சார ஒழுங்குமுறைக் கமிஷன் 1999இல் அமைந்தது. 2000 ஏப்ரலில் பங்கீட்டு வேலை நான்கு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அந்நான்கனுள் ஒன்றே நம் திருப்பதி நிறுவனம். அதன் பின் 2003இல் இந்தியா முழுமைக்குமான மின்சாரச் சட்டம் வந்தது.

அன்பர்களே! வேறிடம் போக வழியில்லாத வீடுகளுக்கு வழங்கும் நிறுவனத்தை நான்கு கட்டுகளால் கட்ட வேண்டும். வேண்டாம் என்று எந்த வீட்டையும் அது மறுக்கக்கூடாது, இது முதற்கட்டு. விலையை அது தானே முடிவு செய்யக்கூடாது, இஃது இரண்டாவது. சொன்ன நேரத்தில் சொன்ன தரத்தில் பணி செய்ய வேண்டும், தவறினால் ஈடு தர வேண்டும், இது மூன்றாவது. அந்நிறுவனமே விழுந்துவிட்டால் மறுநாள் விளக்கேற்ற மற்றொருவர் ஆயத்தமாக நிற்க வேண்டும், இது நான்காவது. இவை ஒவ்வொன்றும் நம் நாட்டில் எந்த அளவில் இருக்கின்றன என்று பார்ப்போம்.

முதற்கட்டு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு வீட்டின் உரிமையாளரோ குடியிருப்பவரோ மனுச் செய்தால், நிறுவனம் மின்சாரம் வழங்கியே தீர வேண்டும் என்று அது கூறுகிறது. குடியிருப்பவர் என்னும் சொல்லைக் கவனியுங்கள். வாடகைக்கு இருப்பவரும் கேட்கலாம் என்பது அதன் பொருள். நம் காலனியில் வாடகை வீடுகள் பல. மீட்டர் வேறொருவர் பெயரில் இருப்பதனாலேயே, குறை சொல்லத் தமக்கு உரிமையில்லை என்று எண்ணி வாய்மூடி இருப்போர் பலர். சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. வழங்கத் தவறிய ஒவ்வொரு நாளுக்கும் ஆயிரம் ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் அப்பிரிவு இடம் தருகிறது. காலக்கெடுவும் குறுகிக்கொண்டே வந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை விதிகளையும் 2024இல் அவற்றுக்குச் செய்த திருத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால், புதிய இணைப்பு பெருநகரங்களில் 3 நாளிலும், நம் ஊர் போன்ற நகராட்சிகளில் 7 நாளிலும், கிராமங்களில் 15 நாளிலும் கிடைக்க வேண்டும் என்று ஏற்படுகிறது.

இணைப்பைத் துண்டிப்பதற்கும் முறை உண்டு. 56ஆம் பிரிவின்படி, பாக்கி இருந்தாலும் முழுமையாக 15 நாள் எழுத்து மூலம் அறிவிப்புத் தந்த பிறகே துண்டிக்கலாம். கணக்கில் தகராறு இருந்தால், கேட்கும் தொகையையோ முந்தைய ஆறு மாதச் சராசரிப்படி வரும் தொகையையோ, இரண்டில் குறைவானதை, என் உரிமையை விட்டுக்கொடாமல் கட்டுகிறேன் என்று எழுதிக் கட்டிவிட்டால், தகராறு தீரும் வரை விளக்கை அணைக்க முடியாது. தொடர்ந்து பில்லில் காட்டி வராத பழைய பாக்கியை இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கேட்கவும் இயலாது. இவை நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டாவது கட்டு விலையைப் பற்றியது. கட்டணத்தை நிறுவனம் முன்மொழியலாம். முடிவு செய்வது கமிஷனே. முன்மொழிவை மக்கள் காண வெளியிட வேண்டும். மக்கள் சொல்லும் யோசனைகளையும் ஆட்சேபங்களையும் ஆராய்ந்த பின்னரே 120 நாளுக்குள் கமிஷன் ஆணை பிறப்பிக்க வேண்டும். இது 64ஆம் பிரிவு. ஏழைகளுக்கோ உழவர்களுக்கோ குறைந்த விலையில் தர வேண்டும் என்று மாநில அரசு விரும்பினால், அதற்கான தொகையை முன்கூட்டியே நிறுவனத்திற்குச் செலுத்த வேண்டும் என்பது 65ஆம் பிரிவு. விலையை அறையின் உள்ளே எழுதாமல் ஊர் நடுவே எழுத வேண்டும் என்பதே இவற்றின் உட்கருத்து.

இவ்வேற்பாடு எளிதில் அமைந்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டில் ஆந்திரத்தில் மின்கட்டணம் உயர்ந்தபோது மாநிலமெங்கும் கிளர்ச்சி மூண்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் ஐதராபாத்தின் பஷீர்பாகில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. விசாரணை மன்றத்தில் கேட்கப்பட வேண்டிய குரல் தெருவில் கேட்கப்பட்டது. அதற்கு இரத்தம் விலையாயிற்று. ஆகவே கட்டண விசாரணை என்பதை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அவ்விசாரணையில் குறை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கட்டணம் ஆண்டுக்கு ஒருமுறை முடிவாகிறது. ஆனால் மின்சாரம் வாங்கும் செலவு கூடினால் அவ்வேறுபாட்டைப் பின்னர் வசூலிக்கும் வழக்கம் உண்டு. 2023இல் வந்த ஏற்பாட்டின்படி யூனிட்டுக்கு 40 காசு வரை, முன் அனுமதி பெறாமலே மாதந்தோறும் பில்லில் சேர்க்கலாம். 2022-23ஆம் ஆண்டுச் செலவின் பேரால் 6,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையை வசூலிக்கக் கமிஷன் 2024இல் அனுமதித்தது. சென்ற ஆண்டு எரிந்த விளக்குக்கு இவ்வாண்டு பணம் கொடுப்பது இல்லத்தரசிகளுக்கு விளங்காத கணக்கு. அது முற்றிலும் அநியாயம் என்றும் கூற முடியாது. நிலக்கரி விலை ஏறினால் யாரேனும் ஒருவர் அதைத் தாங்கத்தானே வேண்டும்? ஆனால் எவ்வளவு, எதற்காக, எத்தனை மாதம் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

மூன்றாவது கட்டு பணித்தரம். 57ஆம் பிரிவின்படி ஒவ்வொரு பணிக்கும் கமிஷன் கால அளவு விதிக்கிறது. பியூஸ் போனால் எத்தனை மணி நேரத்தில், டிரான்ஸ்பார்மர் எரிந்தால் எத்தனை நேரத்தில், மீட்டர் பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. தவறினால் பாதிக்கப்பட்டவருக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும். 1912 என்னும் எண்ணில் புகார் சொல்லலாம். அங்கே தீராவிட்டால் நிறுவனத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்திற்கும், அதற்கும் மேலே குறைகேள் அதிகாரியிடமும் செல்லலாம். வழக்கறிஞரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. வேண்டுவது ஒன்றே ஒன்று: புகாரை எண்ணோடும் நாளோடும் குறித்து வைத்துக்கொள்வது. வாயால் சொன்ன புகாருக்குச் சாட்சி இல்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. அலுவலகத்திலோ, எழுதிய பிள்ளைதான் பால் குடிக்கும்.

நான்காவது கட்டு, விழுந்தவரின் இடத்தில் யார் நிற்பது என்பது. அரசாங்க நிறுவனம் விழுமா என்று கேட்பீர்கள். தனியார் நிறுவனம் விழுந்த வரலாறு நம் நாட்டிலேயே இருக்கிறது. ஒரிசாவில் 1999இல் மின்பங்கீடு தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. மத்தியப் பகுதியை அமெரிக்காவைச் சேர்ந்த ஏ.ஈ.எஸ். கம்பெனி ஏற்றது. அவ்வாண்டு அக்டோபர் 29ஆம் நாள் பெரும்புயல் அடித்தது. கம்பங்களும் கம்பிகளும் பெருமளவில் அழிந்தன. 2001இல் அக்கம்பெனி விலகிச் சென்றது. அப்போது அந்த வட்டாரத்தின் வீடுகளில் விளக்கு அணைந்துவிடவில்லை; ஒழுங்குமுறைக் கமிஷன் ஒரு நிர்வாகியை அமர்த்திப் பணியைத் தொடரச் செய்தது. மற்ற மூன்று வட்டாரங்களிலும் 2015இல் உரிமம் இரத்தாகி, அங்கும் இடைக்கால நிர்வாகம் ஏற்பட்டது. 2020, 2021 ஆண்டுகளில் அவை டாடா நிறுவனத்தின் கைக்கு வந்தன. கம்பெனி போகலாம், வழங்கல் போகக்கூடாது என்னும் கொள்கையே அங்கு மக்களைக் காத்தது.

இனி, பெரியோர்களே, சற்றுத் தொலைவு சென்று வருவோம். கம்பி ஒன்றே ஆனாலும், அதன் வழியே மின்சாரம் விற்பவர் பலராக இருக்கலாமே என்று மேனாட்டார் எண்ணினர். கம்பிக்கு ஒருவர், விற்பனைக்குப் பலர், வீட்டுக்காரர் விரும்பிய விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கிலாந்தில் 1990களின் இறுதியில் மின்சாரம், எரிவாயு இரண்டிற்கும் வீடுகளுக்கு இவ்வுரிமை கிடைத்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2002 தொடங்கி இவ்வாறு நடக்கிறது.

கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. நடந்தது என்ன? பெரும்பாலான குடும்பங்களுக்கு விலைப்பட்டியல்களைப் படித்துப் பார்க்க நேரமில்லை. தேர்ந்தெடுக்காதவர்கள் பழைய கம்பெனியிலேயே இருந்தார்கள். தேடிச் சென்றவர்களைக் காட்டிலும் மிகுந்த விலை கொடுத்தார்கள். முதியோரும் வறியோரும் அவ்வாறு தங்கிவிட்டவர்களில் பலர். ஆதலின் இங்கிலாந்துப் பாராளுமன்றம் 2018இல் ஒரு சட்டம் இயற்றி, 2019 ஜனவரி முதல் தேர்ந்தெடுக்காதவர்களின் கட்டணத்திற்கு உச்சவரம்பு விதித்தது. போட்டி தானே காக்கும் என்று நம்பிய நாடு, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் கட்டுப்பாட்டைத் தேடி வந்தது.

அதன் பின் 2021இல் எரிவாயு விலை விண்ணை முட்டியது. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட விற்பனைக் கம்பெனிகள் அங்கே அடுத்தடுத்து விழுந்தன. 15 லட்சத்திற்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைக் கொண்ட பல்பு என்னும் கம்பெனியும் அவ்வாண்டு நவம்பரில் விழுந்து, தனி நிர்வாகத்தின் கீழ் வந்தது. விழுந்த கம்பெனிகளின் வாடிக்கையாளர்களை வேறு கம்பெனி ஏற்கும்படி கட்டுப்பாட்டு வாரியம் செய்தது. கடைசிப் புகலாக நிற்பவர் என்று அதற்குப் பெயர். எந்த வீட்டிலும் விளக்கு அணையவில்லை. ஆனால் அச்செலவு நாட்டில் உள்ள அத்தனை வீடுகளின் பில்லிலும் ஏறியது. டெக்சாசில் 2021 பிப்ரவரியில் கடும்பனி பொழிந்தபோது, சந்தை விலையை அப்படியே வீடுகளுக்குக் கடத்தி வந்த கிரிட்டி என்னும் கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்குச் சில நாளில் ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. அக்கம்பெனி சந்தையிலிருந்து நீக்கப்பட்டு, அதன் வாடிக்கையாளர்கள் கடைசிப் புகலாக நின்ற நிறுவனங்களிடம் மாற்றப்பட்டனர்.

நம் நாட்டில் இவ்வகைத் தேர்வை வீடுகள் கண்ட இடம் பம்பாய். 2008இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பயனாக, புறநகர்ப் பகுதிகளில் ஒரு கம்பெனியின் கம்பி வழியே மற்றொரு கம்பெனியின் மின்சாரத்தை வாங்க வழி பிறந்தது. பலர் மாறினர். மிகுதியாகச் செலவழிக்கும் வாடிக்கையாளர்கள் மாறும்போது, எஞ்சியவர்களின் சுமை கூடும் என்னும் சிக்கல் எழுந்தது. ஆகவே மாறிச் சென்றவர்கள் மீது ஒரு மேல்வரி விதிக்க வேண்டியதாயிற்று.

இந்தச் சிக்கலைப் புத்தூர்க்காரர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பெரிய ஆலைகளும் கடைகளும் அடக்க விலைக்கு மேல் கொடுக்கின்றன; அதனால் சிறிய வீடுகளுக்குக் குறைந்த விலையில் கிடைக்கிறது. ஊரில் திருவிழாவுக்கு வரி போடும்போது பெரிய வீடு பத்துப் பங்கும் சிறிய வீடு ஒரு பங்கும் கொடுப்பதைப் போன்றது இது. பெரிய வீடுகள் எல்லாம், நாங்கள் தனியாகத் திருவிழா நடத்திக்கொள்கிறோம் என்று பிரிந்து போய்விட்டால், தேர் இழுக்கும் செலவு யார் மேல் விழும்? போக முடிந்தவர் போன பின், போக முடியாதவரே எஞ்சுவர். அவர்களுக்கு வழங்கும் நிறுவனம் மெலியும். மெலிந்த நிறுவனம் கம்பத்தைப் பழுதுபார்க்காது, கம்பியை மாற்றாது, ஆள் வைக்காது. நம் புத்தூரிலும் நகரியிலும் விசைத்தறி ஓட்டும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் மின்சாரம் நின்றால் அவர்களுக்கு ஒரு மணி நேரக் கூலி போகிறது. அவர்கள் எந்தச் சந்தைக்குச் சென்று மின்சாரம் பேரம் பேசுவார்கள்?

நான் இதனைப் பழங்கதையாகச் சொல்லவில்லை. கம்பியையும் விற்பனையையும் பிரிக்கும் மசோதா 2014இல் பாராளுமன்றத்திற்கு வந்தது, நிறைவேறவில்லை. ஒரே கம்பியில் பல நிறுவனங்கள் விற்க இடமளிக்கும் மசோதா 2022 ஆகஸ்டில் வந்தது. நிலைக்குழுவுக்குச் சென்று, 2024இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. 2025 அக்டோபரில் மத்திய அரசு மீண்டும் ஒரு வரைவை வெளியிட்டது. ஒரு மெகாவாட்டுக்கு மேல் வாங்கும் பெரிய வாடிக்கையாளர்களுக்கு வழங்கியே தீர வேண்டும் என்னும் கடமையிலிருந்து பங்கீட்டு நிறுவனங்களை விடுவிக்க அவ்வரைவு வழி சொன்னது. இதன் நன்மை தீமைகளை அறிஞர்கள் வாதிடட்டும். நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பெரியவர்கள் போன பின் சிறியவர்களுக்கு வழங்கும் நிறுவனத்தை யார் தாங்குவது, அதன் விலையை யார் முடிவு செய்வது?

இதுவரை விளக்கு, இனி அடுப்பு. தாய்மார்களே, இந்தப் பகுதி உங்களுக்கு உரியது.

நம் வீடுகளில் பெரும்பாலும் எரிவது 14.2 கிலோ சிலிண்டர். இதன் விலையை முடிவு செய்ய மின்சாரத்திற்கு உள்ளதுபோல் ஒரு கமிஷன் இல்லை. ஆட்சேபம் சொல்லப் பொது விசாரணையும் இல்லை. எண்ணெய்க் கம்பெனிகள் விலையை அறிவிக்கின்றன. மத்திய, மாநில அரசுகள் தாம் விரும்பும் அளவில் உதவித்தொகை தருகின்றன. 2024ஆம் ஆண்டின் இறுதியில் ஆந்திர அரசு ஆண்டுக்கு மூன்று சிலிண்டர்களை இலவசமாகத் தரும் தீபம் திட்டத்தைத் தொடங்கியது. உதவி வரவேற்கத்தக்கதே. ஆனால் உதவி என்பது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. உரிமை என்பது சட்டத்தைப் பொறுத்தது. சிலிண்டர் பற்றிய உரிமைகள் சிலவும் உண்டு. வீட்டில் கொண்டுவந்து சேர்க்கும் செலவு ரசீதுத் தொகையிலேயே அடங்கியிருக்கிறது. அதற்கு மேல் கொடுக்க உங்களுக்குக் கடமையில்லை. சிலிண்டரை எடை போட்டுக் காட்டச் சொல்லலாம். வாயுக் கசிவுக்கு 1906 என்னும் எண் இரவு பகலாக இருக்கிறது.

அடுத்து வருவது குழாய் எரிவாயு. இதற்கென 2006இல் சட்டம் இயற்றப்பட்டு ஒரு கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. வட்டாரம் வட்டாரமாக ஏலம் விட்டு, ஒவ்வொரு வட்டாரத்திற்கும் ஒரு கம்பெனியை அது தேர்ந்தெடுக்கிறது. 2019இல் முடிந்த பத்தாம் சுற்று ஏலத்தில் சித்தூர், கோலார், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களும் ஒரே வட்டாரமாக வைக்கப்பட்டன. ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு என மாநில எல்லைக்கோடுகள் பிரித்தவற்றை எரிவாயுக் குழாய் ஒன்றாக்கிவிட்டது! இவ்வகை ஏலத்தில் வென்ற கம்பெனிக்குக் குழாய் போடும் தனியுரிமை 25 ஆண்டு. விற்கும் தனியுரிமை 8 ஆண்டு. அதாவது குழாய் வரும் தெருவில் அக்கம்பெனி ஒன்றே.

அப்படியானால் நான் சொன்ன நான்கு கட்டுகளும் அங்கே இருக்க வேண்டுமல்லவா? பணித்தரத்திற்கு விதிகள் இருக்கின்றன. விலைக்கோ கட்டு இல்லை. வீடுகளுக்கு விற்கும் எரிவாயுவின் விலையை விதிக்க இச்சட்டம் வாரியத்திற்கு அதிகாரம் தரவில்லை என்று 2015 ஜூலை முதல் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தின் மேல் குறையில்லை; சட்டத்தில் எழுதாததை அது எப்படிப் படிக்கும்? குறை சட்டத்தில் இருக்கிறது. தனியுரிமை கொடுத்தவர்கள், அதற்கு ஈடாக விலையைக் கேட்கும் உரிமையை மக்களுக்குக் கொடுக்கவில்லை. சிலிண்டர் இருக்கும் வரை அதுவே ஒரு போட்டி, அதுவே ஒரு காப்பு எனலாம். குழாய் வந்த பின் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்ட வீட்டிற்கு அக்காப்பும் இல்லை. ஆகவே குழாய் இணைப்புக்கு எழுதிக் கொடுக்கும் முன், வைப்புத்தொகை எவ்வளவு, திரும்பக் கிடைப்பது எவ்வளவு, விலை எவ்வாறு மாறும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மின்கட்டணத்தைப் போல எரிவாயு விலைக்கும் பொது விசாரணை வேண்டும் என்பது நம் கோரிக்கையாக எழட்டும்.

நண்பர்களே! கட்டுப்பாடு என்றவுடன் கம்பெனியைத் தண்டிப்பது என்று சிலர் கருதுகிறார்கள். அஃது அரைப்பங்கு உண்மை. யாரையும் மறுக்காமல் வழங்கும் நிறுவனம் நம் எல்லார்க்கும் பொதுவான கிணறு போன்றது. தண்ணீர் இறைப்பவருக்கு விதி வேண்டும். கிணறு தூர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் வேண்டும். அரசு அலுவலகங்கள் பில் கட்டாமல் பாக்கி வைப்பதும், கம்பியில் கொக்கி போட்டுத் திருடுவதும், வாக்குக்காக அறிவித்த சலுகைக்குப் பணம் தராமல் விடுவதும் அக்கிணற்றைத் தூர்க்கும் செயல்கள். உரிமை கேட்பவர் ஒழுங்காகக் கட்டுபவராகவும் இருந்தால்தான் அவர் சொல் அரங்கேறும்.

நம் சங்கம் என்ன செய்யலாம்? மூன்று வேலைகளை முன்வைக்கிறேன். முதலாவது, மின்கட்டண முன்மொழிவு வெளியாகும்போது, தெலுங்கு நன்கு படித்த நம் இளைஞர்கள் அதன் சாரத்தைத் தமிழில் எழுதிச் சங்கப் பலகையில் ஒட்ட வேண்டும். நம் வீட்டு முதியோர்க்குத் தெலுங்கு பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. பில்லில் உள்ள வரிகளே அவர்களுக்குப் புதிர். இரண்டாவது, விசாரணைக்கு நம் காலனியின் பெயரால் ஒரு மனுவேனும் ஆண்டுதோறும் போக வேண்டும். தனி ஒருவரின் முறையீட்டைக் காட்டிலும் நூறு குடும்பங்களின் கையொப்பத்திற்கு எடை மிகுதி. அம்மனுவைத் தெலுங்கில் எழுதுவோம். நாம் வாழும் மண்ணின் மொழியில் நம் உரிமையைக் கேட்பதில் தாழ்வு ஒன்றும் இல்லை. தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரும் அதில் கையொப்பமிடட்டும்; இருளும் புழுக்கமும் மொழி பார்த்து வருவதில்லை. மூன்றாவது, மாதத்தில் ஒரு ஞாயிறு, புகார் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கவும், புகார் எண்களைக் குறித்து வைக்கவும் சங்கத்தில் ஒரு மேசை போடப்பட வேண்டும்.

இவை பெரிய காரியங்கள் அல்ல. ஆனால் நாளை புதிய சட்டம் வந்து, பல கம்பெனிகள் வாசலில் வந்து நின்று, எங்களிடம் வாருங்கள் என்று அழைக்கும் நாள் வரலாம். அந்நாளில் எவரும் அழைக்காத வீடும் ஒன்று இருக்கும். தெருக்கோடியில் ஒரே ஒரு விளக்கு எரியும் விதவைத் தாயின் வீடு அது. கூலித்தறி ஓட்டுபவரின் வீடு அது. அவ்வீட்டிற்கு வழங்க வேண்டிய கடமை யாருடையது, என்ன விலைக்கு, எந்தத் தரத்தில் என்பதைச் சட்டத்தில் முன்கூட்டியே எழுதி வைக்கும்படி கேட்பது நம் பொறுப்பு. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகச் சங்கம் என்று பெயர் வைத்துக் கூடி வந்த இனம் நாம். கூடினால் குரலுக்கு வலிமை உண்டு என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.